வாசலில் விழுந்தவர்கள்

கீழே விழுந்தால் எழுந்திருக்க யோசிக்கிற வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது. ஆகவே விழுவதைப் பற்றி நாம் தாராளமாகப் பேசலாம்.

போன வாரம் கொச்சியில், பள்ளுருத்தியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒரு பையன் வளைவில் சறுக்கி விழுந்தான். பெரிய அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு. அவன் எழுந்து நிற்பதற்குள் அவனைச் சுற்றிக் காரணங்கள் எழுந்து நின்றுவிட்டன. ஒருவர் "ஃபோன்" என்றார். இன்னொருவர் அவன் வாயருகே மோந்து பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு நகர்ந்தார். ஆட்டோக்காரர் ஒருவர், "சனியாழ்ச்சையல்லோ, சனியாழ்ச்சை" என்று கிழமையின்மேல் பழியைப் போட்டுத் தலையை ஆட்டினார். நான் ரோட்டைப் பார்த்தேன். மீன் லாரி ஒழுகவிட்டுப் போன தண்ணீர் அந்த வளைவில் எண்ணெய் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது, என்ன செய்வது? ஓரத்து மண்ணைச் செருப்பால் தள்ளித் தள்ளி அந்த ஈரத்தின்மேல் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விபத்து ஏன் நடக்கிறது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மட்டாஞ்சேரியில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டது.

அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூர்ப் பக்கம் சமையல் வேலைக்குப் போயிருந்ததால் நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற சந்து ஒன்றில், சரியாக அது திரும்புகிற முனையில் வீடு. சுற்றிலும் சுக்கு, மிளகுக் கிடங்குகள். மழை பிடித்துவிட்டால் ஈரச் சாக்கு வாசனையும் மிளகுத் தூசியும் சேர்ந்து மூக்கில் ஏறும். எங்கள் சந்தில் யாருக்கும் நல்லதாக ஒரு தும்மல் போடத் தயக்கமே கிடையாது. புதிதாக வருகிறவர்கள்தான் தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள்.

வீட்டுப் படிக்கும் சந்துக்கும் நடுவே, சாக்கடையை மூடி ஒரு சிமெண்டுத் தளம் இருந்தது. ஒரு கதவைப் படுக்கப் போட்ட அளவு. அதுதான் வாசல். பெரியம்மா தினமும் அதில் கோலம் போடுவாள். எங்கள் சந்தில் தமிழ்க்காரர் வீடு எது என்று கேட்டால், "வாசல்ல வெள்ளையா வரைஞ்சிருக்கும், அதாக்கும்" என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் கொச்சி மழைக்கு அந்த அடையாளம் தெரியுமா? எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால், பெரியம்மா கோலத்தை முடித்துவிட்டு நிமிர்வதற்குள் அது மாவுத் தண்ணீராகிச் சாக்கடைக்குள் போய்விடும். அவள் வானத்தைப் பார்த்து ஒரு முறை முறைப்பாள். மறுநாளும் போடுவாள்.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் பாலக்காடு. வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அடித்தது போக வெள்ளை எனாமல் பெயிண்ட் முக்கால் டப்பா மீந்திருந்தது. அதைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "மழைக்கு இனி நான் பயப்படணுமா?" என்று சொல்லிக்கொண்டே, வாசல் தளத்தில் குந்தி உட்கார்ந்து, இழை இழையாக ஒரு படிக்கோலத்தைப் பெயிண்டிலேயே போட்டுவிட்டாள். நான் பக்கத்தில் டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். கோலம் கண்ணாடி போல் பளபளத்துக்கொண்டு அப்படியே இருந்தது. சந்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

சித்தி வந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். என்னைப் போல ஒரு ஊமைப் பையனிடம்கூடப் பேச்சுக்கொடுக்கத் தெரிந்தவள். அவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரியும். அடுக்களையில் குக்கர் விசில் மாதிரியே அடிப்பாள். பெரியம்மா ஓடிவந்து ஸ்டவ்வின் திரியை இறக்குவாள். சாதம் பாதியில் நிற்கும். "இந்தக் குக்கருக்கு என்ன கேடு வந்ததோ" என்று பெரியம்மா புலம்ப, சித்தி அரிசி களைகிற மாதிரி குனிந்துகொள்வாள். தோள் மட்டும் குலுங்கும்.

அவள் வந்த மறுநாள் தபால்காரர் விழுந்தார்.

கனத்த மழை. எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றால், முனை திரும்புகிறவர்கள் எல்லோரும் தண்ணீரை விட்டு எங்கள் வாசல் தளத்தில் ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்குவார்கள். தபால்காரரும் குடையும் பையுமாக ஏறினார். அடுத்து எங்களுக்குக் கேட்டது 'தொப்' என்ற சத்தமும், "எண்டம்மே, நடு போயி!" என்ற அலறலும்தான். போய்விட்டதாகச் சொன்ன இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய குடை மட்டும் தனியாகச் சந்துத் தண்ணீரில் படகு மாதிரி மிதந்து ஜூ டவுன் பக்கம் போனது. நான் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மீன்காரச் சேச்சி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடை மத்திமீனும் கோலத்தின்மேல் கவிழ்ந்தது. சைவ வீட்டு வாசலில், வெள்ளி வெள்ளியாக, படிக்கோலத்தின் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாய் வைத்தது போல் மீன்! பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேச்சி, எடுத்துக்கோ, வேகம் எடுத்துக்கோ" என்று கதற, மட்டாஞ்சேரிப் பூனைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வந்துவிட்டன. சேச்சி ஒரு கையால் மீனைப் பொறுக்கி, மறு கையால் பூனையை விரட்டி, வாயால் எங்கள் வீட்டைத் திட்டினாள். "இது எந்து வாசலானு பட்டரே? ஆளை விழுங்குற வாசலோ?"

எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை அங்கே பட்டர் என்பார்கள். பெரியப்பா அந்தக் கேள்வியை மனதில் வாங்கிக்கொண்டார்.

பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுக்கு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதினார். நல்லவர். எனக்குப் பல் வலித்தபோது தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் நடந்தவர். ஆனால் காரணம் இல்லாமல் ஒரு காரியம் நடந்ததாக அவரால் விட்டுவிட முடியாது. பால் திரிந்தால், முந்தின நாள் யார் வந்து பாலைப் புகழ்ந்தார்கள் என்று யோசிப்பார். குடம் உடைந்தால், அந்தக் குடத்தை எவள் இரவல் கேட்டாள் என்று விசாரிப்பார். வாசலில் இரண்டு பேர் விழுந்ததும் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"இத்தனை வருஷம் இங்கே இருக்கோம். மழை இல்லாத வருஷம் உண்டா? ஒருத்தன் விழுந்தது உண்டா? இப்போ மட்டும் ஏன்?" என்று சாப்பிடும்போது சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார். சித்தப்பா பிராட்வே கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நாளெல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் பேசித் தீர்த்துவிடுவார் போலிருக்கிறது. வீட்டில் பேச்சே வராது.

"புதுசா வந்தது என்ன? அதை யோசி" என்றார் பெரியப்பா.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சித்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த மோர்ச் சொம்பு அப்படியே நின்றது.

இப்போது நினைத்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. பெரியப்பா கேட்ட கேள்வி சரியான கேள்விதான். புதிதாக வந்தது என்ன என்றுதான் பார்க்க வேண்டும். புதிதாக வந்தது இரண்டு. ஒன்றைத்தான் அவர் பார்த்தார். இன்னொன்று மங்களகரமாக இருந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை.

பெரியம்மாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த பரிகாரம் கோலம். மிச்சப் பெயிண்டை எடுத்து, படிக்கோலத்தைச் சுற்றி இன்னொரு வரிசை போட்டாள். அதற்கப்புறமும் பப்படக்காரர் விழுந்தார். அவர் தோளில் இருந்த பப்படக் கட்டு அப்பளமாய் நொறுங்கியது. பெரியம்மா மூலைகளில் தாமரை வரைந்தாள். ஒவ்வொருவர் விழ விழ, கோலம் ஒவ்வொரு சுற்றுப் பெரிதாயிற்று.

நாங்களா? நாங்கள் யாரும் கோலத்தை மிதிக்க மாட்டோம். கால் படலாமா? முதலில் சுவரை ஒட்டி, விட்டிருந்த ஒரு சாண் இடத்தில், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போனோம். தாமரைகள் வந்து அந்த இடமும் போன பிறகு, படியிலிருந்து நேராகச் சந்துத் தண்ணீருக்குள் தாண்டினோம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி, 'கிருஷ்ணா' என்று ஒரு தாண்டு தாண்டுவார். தண்ணீர் அவர் சட்டை வரைக்கும் தெறிக்கும். அப்படியே கணக்கெழுதப் போவார்.

ஆடி பிறக்கிற சமயம் சித்தியின் அப்பா வந்தார். ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம்தான். காப்பி சாப்பிட்டதும் புறப்பட எழுந்தார். "ஆவணி பொறந்ததும் கொண்டுவந்து விட்டுடறேன்" என்றார்.

பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்தார். "அவசரம் ஒண்ணுமில்லை. ஜோசியரைப் பார்த்திருக்கேன். கொஞ்சம் நேரம் சரியில்லையாம். நாங்க சொல்லியனுப்பறோம். அப்புறம் வந்தால் போறும்."

சித்தியின் அப்பாவுக்குப் புரிந்தது. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பா தரையைப் பார்த்தார். சொல்லியனுப்பாமலே இருந்துவிட்ட வீடுகளைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கே தெரியும்; எங்கள் உறவிலேயே அப்படிப் பிறந்த வீட்டில் தங்கிப்போன ஒருத்தி இருந்தாள்.

சித்தி என் தலையில் கை வைத்து, "குக்கரைப் பார்த்துக்கோடா" என்றாள். அவள் போன பின்பு அடுக்களையில் விசில் சரியாகத்தான் வந்தது. சாதமும் சரியாக வெந்தது. எனக்கு இறங்கவில்லை.

சித்தி போனாலும் மழை போகவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கிழமை பெரியம்மா டப்பாவை வழித்து, மிச்சமிருந்த கடைசி மூலையையும் நிரப்பினாள். அடுத்த வாரம் பக்கத்துக் கடை ராவுத்தர் விழுந்தார். கனத்த உடம்பு. ரெண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றார். ஆனால் ஒரு வாரம் கடையில் நின்றுகொண்டேதான் வியாபாரம் செய்தார்.

"அவள் போயும் தோஷம் போகல்லை பார்" என்றார் பெரியப்பா, தளராமல்.

ராவுத்தருக்கு ஒரு மகள். என் வயது. தமிழும் மலையாளமும் கலந்து, மூச்சுவிடாமல் பேசுவாள். நான் பதில் சொல்லவில்லையென்றால் என் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். அன்று மழை வெறித்திருந்தது. எங்கள் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கோபமாக.

"எங்க வாப்பா உங்க சித்தி மூஞ்சியைக்கூடப் பார்த்தது கிடையாது. அவங்க பாலக்காட்டுல உட்கார்ந்துக்கிட்டு எங்க வாப்பாவை இங்க தள்ளிவிட்டாங்களாக்கும்? உங்க பெரியப்பாவுக்கு மூளை உண்டோ?"

நான் படியில் கிடந்த ஒரு மிளகைக் கால்விரலால் உருட்டினேன்.

"டே, நான் ஒண்ணு கேட்கட்டா? தபால்காரர் விழுந்தார். மீன்காரச் சேச்சி விழுந்தா. பப்படக்காரர், எங்க வாப்பா. உங்க வீட்டுல ஒருத்தராச்சும் விழுந்தீங்களா?"

"இல்லை."

"தோஷம் உங்க வீட்டுக்கு. விழுறது நாங்களா? இது எந்த ஊரு நியாயம்?"

"நாங்க மிதிக்க மாட்டோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரக் கோலத்தின்மேல் செருப்புக் காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, 'சர்ர்' என்று போய், சுவரில் முட்டி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் கண் விரிந்திருந்தது. "அம்மாடி" என்றாள். பிறகு, காரியம் எவ்வளவு பெரிதென்று மறந்து, இன்னும் மூன்று நான்கு முறை சறுக்கினாள்.

இதைப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். நான்! வாத்தியார் பெயர் கேட்டால்கூட வியர்க்கிறவன். இரண்டு நாள் தொண்டையில் மீன் முள் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரியம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் என்றால் எனக்கு ஓரளவு பேச்சு வரும்.

"பெரியம்மா. வெளி ஆள்தான் கோலத்தை மிதிக்கறா. நம்மாத்துல யாரும் மிதிக்கறதில்லை. அதனாலதான் நாம விழல்லையோ?"

குழவி நின்றது. அவள் திரும்பவில்லை. "ஸ்லேட்டை எடுத்துப் படி, போ" என்றாள். குழவி மறுபடி சுற்ற ஆரம்பித்தது, மிக மெதுவாக.

மறுநாள் காலை நல்ல மழை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டித் தாண்டத் தயாராகப் படியில் நின்றார். எதிரே தபால்காரர். பழைய அனுபவத்தால் அவர் தளத்தில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்று தபாலை நீட்டினார். ராவுத்தர் கடை வாசலில் நின்றார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"கொஞ்சம் நகருங்கோ."

"எங்கே போறே?"

"மிதிக்கப் போறேன்."

"எதை? கோலத்தையா? என்ன பேசறே? மகாலட்சுமியாக்கும்!"

"நான் போட்டதுதானே. நானே மிதிச்சுக்கறேன்."

வலது காலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா, "பார்த்தியா" என்று வாயெடுத்தார். இடது காலையும் வைத்தாள். அடுத்த நொடி அவள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே தாமரையிலிருந்து தாமரைக்கு வழுக்கிக்கொண்டு போய், தளத்தின் விளிம்பில் தபால்காரரின் முழங்காலைப் பிடித்து நின்றாள்.

பெரியம்மா குனிந்து தன் கோலத்தை, இரண்டு மாதமாகச் சுற்றுச் சுற்றாக வளர்த்ததை, உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"இது வழுக்கறதுன்னா," என்றாள் பெரியப்பாவைப் பார்த்து. "அந்தப் பொண்ணு இல்லை. இதாக்கும். நான் போட்டது." குரல் உடைந்து அழப் போகிறாள் என்று நினைத்தேன். தபால்காரரின் முழங்காலைத் தான் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. தபால்காரரும் சிரித்தார். "ஞான் அன்னே பறஞ்சதல்லே சுவாமி, நடு போயின்னு!" என்றார். ராவுத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "நீ எண்ணெய்க் காலோட வந்திருப்பே" என்றார்.

"அப்போ நீங்க மிதியுங்கோ. உங்க கால்ல எண்ணெய் இல்லையே."

எல்லோரும் அவருடைய காலைப் பார்த்தோம். அவர் வலது காலைத் தூக்கினார். கோலத்துக்கு மேல் அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. தாண்டுகிறபோது கூப்பிடுகிற கிருஷ்ணனை அவர் இப்போது கூப்பிடவில்லை. காலை மெல்லப் பின்னால் இழுத்துப் படியிலேயே வைத்துக்கொண்டார். அவர் பயந்தது மகாலட்சுமிக்கா, இடுப்புக்கா என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

பிறகு நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் மட்டும் காரணமா? சந்தில் தண்ணீர் நிற்காவிட்டால் யாரும் எங்கள் தளத்தில் ஏறியிருக்க மாட்டார்கள். ஏறினாலும் கையில் குடையோ தலையில் கூடையோ இல்லாவிட்டால் கீழே பார்த்து நடந்திருப்பார்கள். ரப்பர் செருப்பு வேறு. இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தாலும் மத்திமீன் கூடையிலேயே இருந்திருக்கும். நாங்கள் மட்டும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எங்கள் வாசலை மிதித்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பெரியப்பா 'எப்போது' என்று பார்த்தார். 'எங்கே' என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவரில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது.

அன்று படியில் நின்றபடி, யாரையும் பார்க்காமல் அவர் சொன்னார். "தம்பியை ஒரு நடை பாலக்காட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லு. ஆவணி ஒண்ணாம் தேதி கொண்டுவந்து விடணும்னு சொல்லட்டும்."

பெரியம்மா பதில் சொல்வதற்குள் சித்தப்பா உள்ளேயிருந்து வெளியே வந்தார். தலை வாரி, சட்டை மாட்டி, கையில் பையோடு. எப்போது புறப்பட்டார், எவ்வளவு நாளாகப் புறப்பட்டு நின்றார் என்று தெரியாது. அவ்வளவு வேகமாக அவர் தாண்டியதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாட்கள் பெரியம்மாவுக்கும் எனக்கும் ராவுத்தர் மகளுக்கும் வேலை. மண்ணெண்ணெய், தேங்காய் மட்டை, உடைந்த கத்தி. சுரண்டச் சுரண்ட வெள்ளைச் சுருள் வந்தது. முழுக்கப் போக வாரக் கணக்கில் ஆயிற்று. சிமெண்டு சொரசொரவென்று, கறுப்பாக, அசிங்கமாக வெளியே வந்தது. பெரியம்மா அதைக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டாள். அவளே பெருமையாகத் தபால்காரரைக் கூப்பிட்டு அதில் ஏறி நிற்கச் சொன்னாள். அவர் யோசித்து யோசித்து ஏறினார்.

ஆவணி முதல் நாள் சித்தி வந்தாள். தூறல் இருந்தது. அவள் அப்பா பின்னால் குடை பிடித்திருந்தார். சந்து முனையில் வந்ததும் அவள், பழைய பழக்கத்தில், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திரும்பினாள். பிறகு கீழே பார்த்து நின்றுவிட்டாள்.

"மன்னி, கோலம்?"

படியில் பெரியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் பெரியப்பா. அவர்தான் பதில் சொன்னார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"அங்கே என்ன ஓரத்துல? இப்படி நேரா நடந்து வாம்மா."

சித்தி நடந்தாள். நடு வாசலில், முழுப் பாதத்தையும் ஊன்றி, எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருமுறைகூட நடந்திராத இடத்தில்.